‘எந்தப் புரதத்தையும் வெட்டும்’ நொதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வைரஸ் நொதியைக் கணினியில் மாற்றியமைத்து எந்தப் புரதத்தையும் வெட்டலாம், ‘மருந்து தயார்’ என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தி பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் வேலையே இருக்கிறது.

புகையிலை எட்ச் வைரஸின் டிஇவி புரோட்டியேஸையே (புரோட்டியேஸ் என்பது புரதத்தை வெட்டும் நொதி) எடுத்துக்கொள்வோம். புரதத்தில் குளூட்டமேட், அஸ்பராஜின், லூசின், டைரோசின், பீனைல்அலனின், குளூட்டமின் ஆகிய அமினோ அமிலங்கள் இதே வரிசையில் வந்து, ஏழாவதாக செரினோ கிளைசினோ நின்றால் குளூட்டமினை அடுத்து வெட்டும். கணினியில், நொதியின் படிகக் கட்டமைப்பிலுள்ள (அதன் முப்பரிமாண வடிவம்) பழைய பெப்டைடை, அதாவது குறும் அமினோ அமிலச் சங்கிலியை, நீக்கிப் புதிய வரிசையை வைத்து, அதைத் தொடும் அமினோ அமிலங்களை மாற்றி மாற்றி, எது நன்றாகப் பொருந்துகிறது என்று காண ஆற்றலைக் கணக்கிடுகிறார்கள். நொதியில் வெட்டும் வேலையைச் செய்யும் 46-ஆம் ஹிஸ்டிடின், 81-ஆம் அஸ்பார்டேட், 151-ஆம் சிஸ்டைன் மூன்றிலும் கை வைக்கக்கூடாது. அவற்றின் அமைப்பு சற்று விலகினாலும் போதும்: பெப்டைடு நன்றாக ஒட்டும், வெட்டு விழாது. கணினி முதலிடம் தந்த வடிவங்கள் பல குழாயில் சும்மா கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

புதியதை வெட்டத் தொடங்கிய நொதி பழையதை விட்டுவிடும் என்பதும் இல்லை. பெரிய அமினோ அமிலத்துக்காக, நொதியில் அது பொருந்தும் குழியை அகலப்படுத்தினால் சிறியதும் நுழையும். ஆகவே வெட்டக்கூடாத வரிசைகளையும் கணக்கில் சேர்த்து, அவை பொருந்தாதபடி வடிவமைக்க வேண்டும். செய்தியில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

2017-இல் டேவிட் லியூ குழுவினர், இலக்கு வரிசையில் ஏழுக்கு ஆறு இடம் மாறியிருந்தும், நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூகின்-23-ஐ வெட்டும் டிஇவி நொதியை உருவாக்கினர். அந்த நொதியில் 20 அமினோ அமில மாற்றங்கள். ஆனால் அது கணினி வரைந்ததல்ல, ஃபேஜ்களில் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள்) தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது. வெட்டுமிடம் புரதத்தின் வெளிப்புற வளையத்தில் இருந்ததும் உதவியது. மடிப்புக்குள் புதைந்திருந்தால் நொதி எட்டாது. பெப்டைடில் கிடைத்த வெற்றியை அப்படியே முழுப் புரதத்துக்கு நீட்ட முடியாததும் இதனால்தான்.

புரதத் துண்டுகளை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் சோதிக்கும்போது, 151-ஆம் சிஸ்டைனை அலனினாக்கிய செயலற்ற நொதியையும் பக்கத்துக் குழியில் ஓட்ட வேண்டும். அங்கும் அதே துண்டு தெரிந்தால், வெட்டியது பெரும்பாலும் நொதியை உற்பத்தி செய்த ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து சுத்திகரிப்பில் ஒட்டிவந்த புரோட்டியேஸ். 219-ஆம் செரினை வேலினாக்க மறந்தால் நொதி தன்னையே வெட்டிக்கொள்ளும்.

ஆய்வகத்தில் அந்தச் சிஸ்டைன் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்க 1 மில்லிமோலார் டிடிடி என்ற ஆக்சிஜன் ஒடுக்கி வேதிப்பொருளைச் சேர்ப்பது வழக்கம். இரத்தத்தில் அதைச் சேர்க்க முடியுமா? தவிர, வைரஸ் புரதத்தை அந்நியமாகக் கண்டு உடல் எதிர்ப்பொருளும் உண்டாக்கலாம். ‘மருந்து தயார்’ என்ற தலைப்பையாவது திருத்தி வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
புரத வடிவமைப்பு ஆய்வாளர்கள்