செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தது

வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், தணிக்கை முடிந்துவிட்டது. மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நான் சொல்ல வந்தது வேறு விஷயம், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ஒவ்வொரு வருஷமும் இத்தனை மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி, இத்தனை பேருக்கு வேலை என்று வாசிப்போம், நீங்களும் கை தட்டுவீர்கள். இந்த வருஷம் அதை நான் வாசிக்கப் போவதில்லை. போன வருஷம் வேலைக்கு அனுப்பியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம், பார்த்த பிறகு அந்த எண்ணிக்கையை வாசிக்க மனசு வரவில்லை.

சேரன்மகாதேவியில் ஓர் அக்கா, சின்ன வயதில் போலியோ வந்து, காலைத் தாங்கும் கம்பிக் கருவியான காலிப்பர் போட்டு நடப்பவர். தையலில் அவ்வளவு சுத்தம், ரவிக்கைக்குக் கொக்கி வைத்தால் நூல் தெரியாது. போன அறிக்கையில் 'வேலை பெற்றவர்' பட்டியலில் இருக்கிறார், ஆனால் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டார். காரணம், கடையின் கழிப்பறை மாடியில். படி ஏற முடியாமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்து பார்த்திருக்கிறார், நீர்க்கடுப்பு வந்ததும் வீட்டோடு இருந்துவிட்டார். டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை, சரி, ஆனால் அந்த உயரப் படியில் ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டால் ஆட்டோதான், ஆட்டோவுக்குக் கொடுத்தது போக அன்றைய கூலியில் என்ன மிஞ்சும்? இதையெல்லாம் கேட்காமல் சேர்த்துவிட்டு வந்தது நாம்தான்.

கல்லிடைக்குறிச்சியில் நேர்மாறு. அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒரு தம்பி அப்பளக் கம்பெனியில் கட்டுப் போடுகிறான். சம்பளம் ரொம்பக் குறைவு, இதற்கா இவ்வளவு மெனக்கெட்டோம் என்றுகூடத் தோன்றும். அவன் அம்மா முன்பெல்லாம் பீடி சுற்றும்போது, பிள்ளை தெருவில் இறங்கிவிட்டானா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து பார்ப்பாராம், ஆயிரம் பீடி முடிக்க ராத்திரி ஆகிவிடும். இப்போது அவன் வேலை விட்டு வருவதற்குள் பீடி சுற்றி முடித்துத் தட்டை எடுத்து வைத்துவிடுகிறார். அந்த அம்மாவின் கூலியும் இந்த வேலையால் வந்த வரவுதான், எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. சம்பளத்தில் எடுத்த வெள்ளைச் சட்டையை எனக்குக் காட்ட அவன் உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்தான்.

இன்னொன்று. நாம் இல்லாவிட்டாலும் வேலை கிடைத்திருக்கக்கூடியவர்கள் நம் பட்டியலில் உண்டு, படித்தவர்கள், வீட்டில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள். அவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை சீக்கிரம் கூடும், ஆனால் வேலை தேடித் தருவது கடினமானவர்கள் வரிசையில் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7-இலிருந்து 21 ஆக்கியது, அரசு வேலை ஒதுக்கீட்டை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. ஆட்டிசமும் தசைச்சிதைவும் அதில் வந்தாகிவிட்டது, ஆனால் நம் பதிவேட்டைத் திறந்தால் இன்னும் பெரும்பாலும் கால் பாதித்தவர்கள்தான்.

அதனால் இனி 'வேலை பெற்றவர்' என்று எழுதுவது ஒரு வருஷம் முடிந்த பிறகுதான். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், அப்புறம் பன்னிரண்டாம் மாதம் நேரில் போய்க் கேட்போம்: வேலையில் இருக்கிறாரா, போக்குவரத்து போகக் கையில் என்ன நிற்கிறது, அந்தப் பணம் யார் கையில், வீட்டில் யாருக்கு நேரம் மிச்சமானது. ஆள் அனுப்பும் முன் கடையின் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வருவது என் பொறுப்பு. சேரன்மகாதேவி அக்காவுக்கு மோட்டார் தையல் இயந்திரம் கேட்டு மனு போட்டிருக்கிறோம், வந்ததும் அவரிடமும் இதே கேள்விகள்தான்.

வீடுகளுக்குப் போக ஆள் போதவில்லை. பைக் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.