ஹெரால்டு, பில்லிஸ் கணக்கு

ஆசிரியருக்கு,

அறிஞர்கள் எழுதுவதை அரசியல்வாதிகள் எங்கே படிக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறோம். படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அரசியல் அறிவியலாளர் சார்லஸ் மரே ஓர் உதாரணம். 1984-இல் வெளியான அவருடைய 'லூசிங் கிரவுண்ட்' நூலில் ஹெரால்டு, பில்லிஸ் என்றொரு கற்பனை ஏழை ஜோடி வருகிறது. பில்லிஸ் கர்ப்பமாக இருக்கிறாள். 1960 என்றால் கல்யாணம் செய்துகொண்டு ஹெரால்டு வேலைக்குப் போவதுதான் லாபம். 1970 என்றால் கல்யாணம் செய்யாமல் அரசு உதவித்தொகை வாங்குவதே லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் மரே.

உதவித்தொகையைக் குறைக்க நினைத்த அப்போதைய அதிபர் ரீகனின் ஆதரவாளர்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி. ஜனநாயகக் கட்சிக்காரரான அதிபர் கிளின்டனும் 1993-இல் மரேயின் அலசல் பெரும்பாலும் சரிதான் என்று சொன்னதுதான் ஆச்சரியம். 1996-இல் அவர் கையெழுத்திட்ட சட்டம், மத்திய அரசு நிதியில் தரும் உதவித்தொகைக்கு வாழ்நாளில் 5 ஆண்டு என வரம்பு கட்டியது.

சரி, அந்தக் கணக்கு பலித்ததா? 1970களில் விலைவாசி ஏற, உதவித்தொகையின் மதிப்பு தேய்ந்தது. தாய் மட்டுமே இருக்கும் குடும்பங்களோ பெருகிக்கொண்டே போயின. மரே சொன்னபடி என்றால் குறைந்திருக்க வேண்டாமா? இந்த மறுப்பைப் பொருளாதார அறிஞர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். அதைப் படித்த செனட்டர்கள் எத்தனை பேரோ!

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்