ஒமாஹாவில் சாபம் எதுவும் இல்லை

அர்கன்சாஸில் பெண்டன்வில், ராஜர்ஸ், ஃபேயட்வில் பக்கம் வாழும், ரேசர்பேக் (அர்கன்சாஸ் பல்கலைக்கழக பேஸ்பால் அணி) ரசிகர்களான தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் 18 இரவு, கல்லூரி பேஸ்பாலின் தேசியக் கோப்பைத் தொடர் நடக்கும் ஒமாஹாவில் எல்எஸ்யூவிடம் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 6-5 என்று தோற்றதிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே ஒரு வீடியோதான் சுற்றுகிறது. இடதுபுற எல்லையில் நின்ற நம் பையன் கால் வழுக்குகிறான், பந்து அவன் மேல் பட்டுத் தெறித்து ஓடுகிறது, எல்எஸ்யூ ஆட்கள் இரண்டு பேர் ஹோம் பிளேட்டைத் தொட்டு இரண்டு ரன் எடுக்கிறார்கள். அதன் கீழே நம்மவர்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தேவைக்கு மேலேயே எழுதியாகிவிட்டது.

எனக்கும் வயிறு எரிகிறது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் 5-3 முன்னிலை, இரண்டு பேர் அவுட், இன்னும் ஒரே ஆள் அவுட் ஆனால் வெற்றி. அங்கிருந்து ஆட்டம் சமனாகி, அடுத்து எல்எஸ்யூவின் ஜாரெட் ஜோன்ஸ் அடித்த அடியில் எல்லாம் முடிந்தது. கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் "கோப்பையைக் கீழே போட்டான்" என்று எழுதுகிறீர்களே, அது கணக்கிலேயே தவறு. இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்பது ஒமாஹா விதி. எல்எஸ்யூ அங்கே அதுவரை ஒரு முறைகூடத் தோற்கவில்லை. நாமோ ஜூன் 14 அன்று அவர்களிடமே 4-1 என்று தோற்றிருந்தோம். அந்தப் பந்து கையில் சிக்கியிருந்தாலும் இறுதிச் சுற்றுக்குப் போக அவர்களை இன்னொரு முறை வெல்ல வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது இந்தச் சாபப் பேச்சு. "ஒமாஹா நமக்கு ராசியில்லை", "2018லேயே தெரிந்துவிட்டது", "யாரோ விட்ட சாபம்". பாதி விளையாட்டாகச் சொல்கிறீர்கள் என்று தெரியும். மீதிப் பாதிதான் எனக்கு உறுத்துகிறது.

2018ஐயே எடுத்துக்கொள்வோம். ஓரிகன் ஸ்டேட்டுடன் மூன்று ஆட்ட இறுதிச் சுற்று. முதல் ஆட்டம் 4-1 என்று நமக்கு. ஜூன் 27 இரண்டாவது ஆட்டத்தில் 3-2 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். ஓரிகன் ஸ்டேட்டின் கேடின் கிரெனியர் தூக்கி அடித்த பந்து முதல் பேஸ் பக்கம் கோட்டுக்கு வெளியே, ஃபவுல் பகுதியில் இறங்கியது. ஃபவுலாக இருந்தாலும் பிடித்தால் அவுட், பிடித்திருந்தால் நம் பல்கலைக்கழக பேஸ்பால் வரலாற்றின் முதல் பட்டம். மூன்று பேர் ஓடி வந்தார்கள், மூவருக்கும் நடுவில் பந்து தரையில் விழுந்தது. இதுவரை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் பந்து விழுந்ததால் அங்கே ஒரு ரன்கூட வரவில்லை. நாம்தான் இன்னும் முன்னால் இருந்தோம். அதன் பிறகு கிரெனியர் ஒரு சிங்கிள் (முதல் பேஸை அடையும் அடி) அடிக்க வேண்டியிருந்தது, அடித்தார், 3-3. அடுத்து வந்த ட்ரெவர் லார்னாக் ஹோம் ரன் அடித்தார். 5-3 என்று தோற்றோம். மறுநாள் மூன்றாவது ஆட்டமும் இருந்தது. அதில் கெவின் ஏபல் என்ற முதலாண்டு மாணவர் ஆட்டம் முழுக்கத் தானே பந்து வீசி, இரண்டே ஹிட் (அடித்து பேஸை அடைவது) கொடுத்து, நம்மை 5-0 என்று மடக்கினார். கடைசி இருபது பேரில் ஒருவர்கூட பேஸுக்குப் போகவில்லை. முந்தைய நாள் விழுந்த பந்தா அந்த இருபது பேரையும் அவுட் ஆக்கியது?

சாபம் என்று சொல்லும்போது ஏபலை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2022இல் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) பந்து வீச்சாளர் டிலன் டிலூஷியா நம்மை 2-0 என்று நிறுத்தினாரே, அவரையும் மறந்துவிடுகிறோம். 1979 இறுதிப் போட்டியில் கால் ஸ்டேட் ஃபுல்லர்ட்டனிடம் 2-1, 2012இல் சவுத் கரோலினாவிடம் 3-2. இவை இரண்டும் மயிரிழைத் தோல்விகள்தான். மயிரிழையில் தோற்க வேண்டுமானால் முதலில் அந்த இடம்வரை போயிருக்க வேண்டும்.

கேள்வி கேட்க வேண்டிய தோல்வி ஒன்று உண்டு, அது 2021, ஒமாஹாவுக்கு முந்தைய சுற்று. நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த அணி, சொந்த மைதானம், என்சி ஸ்டேட்டை முதல் ஆட்டத்தில் 21-2 என்று துவைத்துப் போட்டது. கடைசி ஆட்டத்தில் நம் பந்து வீச்சாளர் கெவின் காப்ஸை எட்டு இன்னிங்ஸ் தாண்டியும் வீச வைத்தார் கோச் டேவ் வான் ஹார்ன். ஒன்பதாவதின் தொடக்கத்தில் என்சி ஸ்டேட்டின் ஹோசே டாரஸ் ஹோம் ரன், 3-2 என்று தோற்றோம். அந்த முடிவு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. சம்பளம் வாங்கும் கோச்சை அப்படிக் கேட்கலாம், அது ரசிகனின் உரிமை. கல்லூரி மாணவனின் இன்ஸ்டாகிராமில் போய்த் திட்டுவது வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். 2022 முதல் நம் மாநிலத்தில் போனிலேயே பந்தயம் கட்டலாம். அன்று இரவு கத்தியவர்களில் எத்தனை பேர் அணிக்காகக் கத்தினார்கள், எத்தனை பேர் கட்டிய பணத்துக்காகக் கத்தினார்கள்? உங்களுக்கே தெரியும். இருபது வயதுப் பையனின் கால் வழுக்கியதற்கு உங்கள் டாலருக்குப் பதில் சொல்லும் கடமை அவனுக்கு இல்லை.

நம்மில் பலர் 1999 ஜனவரியில் சேப்பாக்கத்திலோ டிவி முன்னாலோ இருந்தவர்கள். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். அவர் போனதும் மீதி விக்கெட்டுகள் நான்கு ரன்னுக்குள் உருண்டன. அந்தக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். ஃபேயட்வில்லுக்கு வந்து ரேசர்பேக் ரசிகர்களின் "வூ பிக் சூயி" கோஷத்தைக் கத்தப் பழகிக்கொண்ட நமக்கு அந்தப் பழக்கம் எங்கே போனது?

ஆகவே குழு அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வீடியோவை நீக்குங்கள். பதிலுக்கு ஜூன் 16 ஆட்டத்தைப் போடுங்கள். மர்ரி ஸ்டேட்டுக்கு எதிராக நம் பந்து வீச்சாளர் கேஜ் வுட் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். ஒமாஹாவில் 1960க்குப் பிறகு அவருக்கு முன் யாரும் ஹிட் கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்ததில்லை. இந்தத் தொடரில் நம் குழுக்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டது அந்த ஆட்டம்தான். அந்தப் பையனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பியவர்கள் அதை அழித்துவிடுங்கள், மன்னிப்பு என்று இன்னொன்று அனுப்ப வேண்டாம், அவனை விட்டால் போதும். பிப்ரவரியில் நம் சொந்த பாம்-வாக்கர் மைதானத்தில் அடுத்த சீசன் தொடங்கும்போது புல்வெளிப் பக்கம் டிக்கெட் சேர்த்து எடுக்கலாம். யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
பெண்டன்வில் ரசிகன் ஒருவன்