பின்வரிசையிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு நன்றி

எங்கள் பள்ளியில் சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டம் முடிந்து மூன்று நாளாகிறது. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. பிள்ளைகளின் உடல் மாற்றம், மாதவிலக்கு, பாதுகாப்பு பற்றிய பாடம் வேண்டாம் என்று வீட்டார் சிலர் எதிர்த்து நின்ற, அதற்கு முந்தைய இரண்டு வாரம் எப்படிப் போனது என்று குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அதை இங்கே கிளற விருப்பமில்லை. ஒன்பதாம் வகுப்பில் அந்த வளரிளம் பருவப் பாடம் தொடர்ந்து நடக்கும், வீட்டாருக்குத் தெரிந்தே நடக்கும் என்று முடிவாகிவிட்டது. எனக்கு அது போதும்.

கூட்டத்தை மதியம் இரண்டு மணிக்கு வைக்கச் சொன்னது எங்கள் சத்துணவு அக்கா. "பத்து மணின்னா யாரு வருவா டீச்சரே? பால் எடுக்குற நேரமில்லியா?" என்றார். பதினோரு வருடமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். பத்து மணிக்குச் சிரட்டையில் நிற்கும் பாலை எடுத்தாக வேண்டும். அதை உறைய வைத்து ஷீட் அடித்து, குளித்துச் சாப்பிட மதியமாகிவிடும். இத்தனை நாளும் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசியதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வழக்கமாக இருபது பேர் வருவார்கள். அன்றைக்கு எண்பது பேருக்கு மேல் வந்தார்கள். பெண்கள் முன்னால் இருந்தார்கள், ஆண்கள் பின்சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் சட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ஆம் ஆண்டு வந்த போக்சோ சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ள ஆண்பிள்ளைகளையும் அது காக்கும் என்பது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண். பத்து நிமிடம் பேசியும் ஒருவரும் நிமிரவில்லை. என் தொண்டை வறண்டுவிட்டது.

அப்போதுதான் பின்னால் நின்ற ஒரு அப்பா கையைத் தூக்கினார். பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எழுதலாமா என்று அவரிடமும் கேட்டேன், அவர் மகளிடமும் கேட்டேன். இரண்டு பேரும் சரி என்ற பிறகே எழுதுகிறேன். சட்டையில் ரப்பர் பால் கறை இருந்தது. நேரே தோட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

"டீச்சரே, ஒரு சம்சயம். எனக்க வீட்டுல பொம்பளை ஆளு கெடையாது. பிள்ளைக்கு அந்த நேரத்துல ஒரு நாளைக்கு எத்தனை பேடு வேணும்? நான் குறைச்சு வாங்கிக் குடுக்கேனோன்னு பயமா இருக்கு. அவ கேக்கவும் மாட்டா."

கூடத்தில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. யாராவது சிரித்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி, நேராக அவரைப் பார்த்தே பதில் சொன்னார்: "நாலு மணி நேரம், கூடிப்போனா ஆறு மணி நேரத்துக்குள்ள மாத்தணும் அண்ணே. ராத்திரிக்கும் சேர்த்து அஞ்சாறு வாங்கி வையுங்க. அவ எடுக்குற இடத்துல வெச்சிருங்க, கேக்க விடாதீங்க." அவர் சட்டைப் பையிலிருந்து ஷீட் எடை போட்ட சீட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் சொல்லிய அம்மா, இரண்டு வாரம் முன்பு இந்தப் பாடமே வேண்டாம் என்று பள்ளி வாசலில் நின்றவர்களில் ஒருவர்.

அதற்கப்புறம் கேள்விகள் நிற்கவில்லை. பள்ளியில் வாரத்துக்கு ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து ஒரு அம்மா தன் மகளை அதைத் துப்பிவிடச் சொல்லியிருக்கிறார். கறுப்பாகப் போவது இயல்புதான், வெறும் வயிற்றில் போடக் கூடாது, போட்ட உடனே கட்டன் சாயா குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று சுகாதார செவிலியர் விளக்கினார். முதல் ஓரிரண்டு வருடம் மாதவிலக்கு நாள் முன்பின்னாக வரும், 21 நாளிலிருந்து 45 நாள் வரை போகலாம் என்றதும் இரண்டு மூன்று பேர் பெருமூச்சு விட்டதைப் பார்த்தேன். உளுந்தங்களி கொடுக்கலாமா என்று கேட்ட பாட்டிக்கு, "தாராளமா குடுங்க, பிள்ளையைத் தனியா மட்டும் உட்கார வைக்காதீங்க" என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு அப்பா, மகன் இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொள்கிறான், திட்டவா விடவா தெரியவில்லை என்றார். அதைப் பற்றி மட்டுமே அரை மணி நேரம் பேசினோம்.

தவறு என் பக்கமும் உண்டு. பிள்ளைகளிடம் பாடத்தை நடத்திவிட்டு வீட்டை வெளியே நிறுத்தியிருந்தேன். பிள்ளை பாதி புரிந்த ஒரு வார்த்தையோடு வீட்டுக்குப் போனால் அம்மா பதறத்தானே செய்வார்? இப்படிச் சொல்லிக் கொடுப்பதால் பிள்ளைகள் முந்திக்கொண்டு வழி தவறுவதில்லை என்று யுனெஸ்கோவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அதை நான் படித்திருந்தேன், வீட்டுக்காரர்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

கூடத்தைத் திறந்து தந்தவர்கள், மலை மேலிருந்து வந்தவர்களைக் காசு வாங்காமல் திரும்பக் கொண்டுவிட்ட ஆட்டோ அண்ணன்மார், சாயாவும் அவித்த மரச்சீனியும் தந்த கடைக்காரர், பள்ளி மேலாண்மைக் குழுவின் அம்மாமார், என்னோடு நின்ற தலைமையாசிரியர், பெஞ்சு தூக்கிய பத்தாம் வகுப்புப் பையன்கள், எல்லாருக்கும் மனதார நன்றி. எதிர்த்து நின்றுவிட்டு, கூட்டத்துக்கு வந்து கேட்டவர்களுக்கும் அதே அளவு நன்றி.

இனி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வாரம் முன்பே ஒரு தாள் வீட்டுக்கு வரும். என்ன சொல்லித் தரப் போகிறோம் என்பது அதில் இருக்கும். கீழே, வீட்டில் பிள்ளையோடு பேச ஒரு கேள்வியும் இருக்கும். வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் சத்துணவு அக்காவிடம் கேட்கலாம், அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் இந்தப் பள்ளியில் இருக்கும்வரை இது நடக்கும்.

நேற்றுக் காலை அந்தப் பிள்ளை வகுப்புக்கு வெளியே எனக்காகக் காத்து நின்றாள். அலமாரியில் ஒரு தட்டை அப்பா காலி செய்து, மூன்று பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறாராம். "எதுவும் சொல்லல்ல டீச்சர், வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டாரு" என்றாள்.