ரைபிளுக்குப் பெட்டிங் போடும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம். பெட்டிங் என்பது, குழல் பொருந்தியிருக்கும் இரும்பு உடல் (ஆக்‌ஷன்) அதைத் தாங்கும் கட்டையில் முழுதாகப் படிந்து உட்கார, இரண்டுக்கும் நடுவே எபாக்சி என்ற இறுகும் பசையைப் பூசும் வேலை.

"பெட்டிங் போட்டுக் கொடுங்கள், குறி சரியாகிவிடும்" என்று ரைபிளை நீட்டுபவர்களிடம் நாங்கள் உடனே சரி சொல்வதில்லை. முதலில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) பிடித்திருக்கும் மவுண்ட் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா, குழல் வாயின் விளிம்பில் அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்போம். வேறு ரகத் தோட்டா போட்டுச் சுட்டீர்களா என்றும் கேட்போம். கோளாறு அங்கே இருந்தால் எவ்வளவு எபாக்சி பூசினாலும் பலன் இல்லை. அந்த வேலையை நாங்கள் வாங்குவதில்லை.

பெட்டிங் தீர்ப்பது வேறு ஒரு குறையை. ஆக்‌ஷன் கட்டையில் உட்காரும் இடம் முழுதாகப் படியாமல் இரண்டு மூன்று மேடுகளில் மட்டும் தொட்டால், அதைக் கட்டையோடு பிணைக்கும் ஸ்க்ரூவை முடுக்கும்போது இரும்பே கொஞ்சம் வளைகிறது. ஒவ்வொரு வெடிக்கும் ஆக்‌ஷன் பின்னால் உதைத்து, திரும்ப வேறு மாதிரி உட்கார்கிறது. மரக்கட்டையாக இருந்தால் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும்; போன பருவத்தில் வைத்த குறி இந்தப் பருவத்தில் நிற்காது. 100 மீட்டரில் ஒரு ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது ஏறக்குறைய 29 மில்லிமீட்டர்தான். மயிரிழை அசைவும் அங்கே தெரிந்துவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கழற்றிவிட்டு ரைபிளை நிமிர்த்திப் பிடியுங்கள். குழலும் கட்டையின் நுனியும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, முன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்தி மறுபடி முடுக்குங்கள். குழல் நகர்வது விரலுக்கே தெரிந்தால் ஆக்‌ஷன் இழுபட்டு உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் டயல் கேஜ் வைத்து அளக்கிறோம். முள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் போனால்தான் பெட்டிங் பேச்சு.

வேலையில் நேரம் பிடிப்பது எபாக்சி பூசுவது அல்ல, பூசக்கூடாத இடங்களை அடைப்பது. ஸ்க்ரூ துளை, டிரிகர் அறை, பள்ளம் எல்லாவற்றையும் களிமண் போன்ற பசையால் நிரப்புகிறோம். ஒரு பள்ளம் விட்டுப்போனாலும் எபாக்சி அதற்குள் புகுந்து இறுகிவிடும், அப்புறம் கட்டையை உடைத்துத்தான் ஆக்‌ஷனை எடுக்க வேண்டும். எபாக்சி ஒட்டாமல் இருக்க இரும்பு முழுக்க மெழுகு பூசுகிறோம். ரீகாயில் லக்கின் (வெடியின் உதையைக் கட்டைக்குக் கடத்தும் இரும்புத் துருத்தல்) முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடிப்பக்கம் ஆகியவற்றில் மட்டும் டேப் ஒட்டுகிறோம். உதை முழுவதையும் லக்கின் பின்முகம்தான் தாங்க வேண்டும். மற்ற பக்கங்களில் இடைவெளி இருந்தால்தான் ஆக்‌ஷன் இடறாமல் உள்ளே இறங்கும், வெளியே வரும்.

எபாக்சி இறுகும்வரை ஸ்க்ரூக்களை முடுக்குவதில்லை. முடுக்கினால் பழைய வளைவையே அச்செடுத்த மாதிரி ஆகிவிடும். பெரும்பாலான எபாக்சிக்கு ஒரு முழு நாள் ஆறவிட வேண்டும். சூடு காட்டி அவசரப்படுத்தச் சொல்லாதீர்கள். திறந்து பார்க்கும்போது கடுகளவு காற்றுக் குமிழ்கள் இருக்கும்; படத்துக்கு அழகில்லை, குறிக்குக் கெடுதலும் இல்லை.

மரக்கட்டைக்கு அலுமினியப் பில்லர் (ஸ்க்ரூவைச் சுற்றி நிற்கும் சிறு குழாய்) வைப்பதை நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஸ்க்ரூ முடுக்க முடுக்க மரம் நசுங்கும், பில்லர் நசுங்காது. பில்லர் வைத்த கட்டைக்கு 65 இன்ச் பவுண்டு வரை முடுக்குவது வழக்கம், வெறும் மரத்துக்கு அதைவிடக் குறைவு. தயாரிப்பாளர் சொன்ன அளவு இருந்தால் அதுவே முதல்.

குழலைக் கட்டையில் தொடாமல் விடுவது பற்றியும் பலர் கேட்கிறீர்கள். பெரும்பாலும் அது நல்லதுதான். ஆனால் சில மெல்லிய குழல்களுக்கு நுனியில் வேண்டுமென்றே ஒரு மேடு விட்டிருப்பார்கள். அதைச் சுட்டுப் பார்க்காமல் செதுக்கித் தள்ள எங்களுக்கு மனம் வராது.

பெட்டிங் போட்டபின் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் ஆக்‌ஷனைக் கழற்ற வேண்டாம். எண்ணெய் போட்டதும் குழல் வாய் கீழே இருக்கும்படி கொஞ்ச நேரம் வையுங்கள்; இல்லையென்றால் எண்ணெய் பின்பக்க மரத்தில் ஊறி அதை மென்மையாக்கிவிடும்.

கொண்டு வரும்போது தோட்டாவை எடுத்து, போல்ட்டைத் தனியாக வையுங்கள். ரைபிளோடு வந்த ஸ்க்ரூக்களையே தாருங்கள், நீளம் மாறினால் போல்ட்டில் இடிக்கும். கடைசியாகச் சுட்ட குறித்தாள்களும் வேண்டும். குழல் குளிர்ந்திருந்தபோது சுட்டது எது, சூடானபின் சுட்டது எது என்று அதில் எழுதியிருந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்படிக்கு,
உங்கள் பணிமனையினர்