முதலில் சீட்டைச் சரிசெய், கண்ணம்மா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நிமிர்ந்து ஓட்டுவது ஒன்று, குனிந்து ஓட்டுவது ஒன்று என்று உன்னிடம் உள்ள இரண்டு சைக்கிளையும் விற்றுவிடப் போவதாக நேற்று போனில் சொன்னாய். “எனக்கு ஒத்துவரவில்லை அம்மா” என்றாய். உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சைக்கிள்களை உன் அளவுக்கு யாரும் இன்னும் வைத்துத் தரவில்லை. விற்பதற்கு முன் நான் சொல்வதைச் செய்து பார்.

முழங்காலின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலிக்கிறது என்றாயே, அதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது சீட்டின் உயரத்தைத்தான். உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டும் என்று நினைத்துப் பலரும் சீட்டை இறக்கிவிடுகிறார்கள். பெடல் முழுவதும் கீழே வந்தாலும் தரைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மேலேதான் நிற்கும். ஆகவே அந்த உயரத்தில் உட்கார்ந்து மிதித்தால் கால் ஒருபோதும் நீளாது. மடங்கிய முழங்காலே சுமை முழுவதையும் வாங்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழகிக்கொள். இரண்டு நாளில் கைவந்துவிடும்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. எப்போதும் போடும் காலணியோடு, சுவரில் ஒரு கையை ஊன்றிச் சீட்டில் உட்கார். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், அதன்மேல் குதிகாலை வை. இப்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அதன்பின் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் தானாகவே கொஞ்சம் மடங்கும். 25 முதல் 35 டிகிரி வரை மடங்கினால் நல்லது. அளவு நாடாவை நம்புகிறவர்கள் காலின் உட்புற நீளத்தை 0.883 ஆல் பெருக்குவார்கள். கிரெக் லெமாண்ட் என்ற பந்தய வீரரால் பரவிய கணக்கு அது. 76 சென்டிமீட்டர் கால் என்றால், கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை 67 வரும். தொடங்குவதற்கு நல்ல எண், ஆனால் உன் காலணியின் தடிமனும் கிராங்கின் நீளமும் அதற்குத் தெரியாது. நான் குதிகாலைத்தான் நம்புவேன்.

ஒரே மூச்சில் ஏற்றிவிடாதே. 5 மில்லிமீட்டர் ஏற்று, சில நாள் ஓட்டு, பிறகு பார். முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளில் எடை பெரும்பாலும் சீட்டின்மேல் விழுகிறது. அங்கே அகலமான, கொஞ்சம் மெத்தென்ற சீட் பொருந்தும். வளைந்த ஹேண்டில்பார் உள்ளதில் நீ முன்னால் குனிகிறாய், இடுப்பெலும்பும் கூடவே சுழல்கிறது. அங்கேயும் மெத்தைச் சீட் போட்டால், எலும்பு அதற்குள் புதைந்து நடுவில் உள்ள மென்மையான பகுதி அழுந்தும். நீ சொல்லக் கூச்சப்பட்டு நிறுத்திய விஷயம் இதுதான் என்று எனக்குப் புரிந்தது. இதில் கூச்சம் வேண்டாம், மரத்துப்போவதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். நெளி அட்டை ஒன்றைக் கெட்டியான நாற்காலியில் போட்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து எழு. இரண்டு பள்ளங்கள் தெரியும், உட்காரும் எலும்புகள் பதிந்த இடம் அவை. அவற்றின் நடுவிலிருந்து நடு வரை அளந்து, அந்த அகலத்தைத் தாங்கும் சீட்டைக் கேள். நடுவில் பள்ளமோ வெட்டோ உள்ள சீட் பல பெண்களுக்கு நிம்மதி தருகிறது. முதலில் சீட்டை மட்டமாக வை. அதன் மூக்கு, அதாவது முன்நுனி, மேல்நோக்கி நின்றால் எந்தச் சீட்டும் வலிக்கும்.

மூக்கைக் கீழே கவிழ்த்தாலும் வம்புதான். உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் கைகளில் இறங்கும். உன் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது, உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துவதால் இருக்கலாம். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்து, முழங்கையை லேசாக மடக்கு, பிடியை அடிக்கடி மாற்று. அப்படியும் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால், ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றச் சொல். எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னால் தள்ளாதே, முழங்கால் மறுபடி மாட்டிக்கொள்ளும்.

ஒரு சைக்கிளில் சரியாக வந்த அளவை மற்றதற்கு அப்படியே மாற்றாதே. முதுகைப் பின்னால் சாய்த்து ஓட்டும் சைக்கிளில் பெடல் உடம்புக்கு முன்னால் இருக்கிறது, மலைப்பாதைச் சைக்கிளில் இறக்கத்துக்காகச் சீட்டைத் தாழ்த்துகிறார்கள், மடிக்கும் சைக்கிளிலோ ஹேண்டில்பாரின் தூரத்தைப் பெரும்பாலும் மாற்றவே முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். எதுவானாலும், இதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று சீட் தண்டில் போட்டிருக்கும் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்திவிடாதே. தண்டும் ஃபிரேமும் உடையக்கூடும்.

இன்னொன்று, கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிக்கிறாய். மெதுவான கனத்த மிதி முழங்காலைத்தான் வாட்டும். லேசான கியரில் வேகமாகச் சுழற்று. வலது முழங்கால் 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணு. 20 வந்தால் நிமிடத்துக்கு 80, குனிந்து ஓட்டும் சைக்கிளுக்கு நல்ல வேகம். நிமிர்ந்த சைக்கிளில் 60, 70 போதும், மூச்சு வாங்க வேண்டிய அவசியமில்லை.

இத்தனையும் செய்தபின் இரண்டு வாரத்துக்கு மேலும் வலி இருந்தாலோ, முழங்கால் வீங்கினாலோ, ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்.

மாற்றுவதற்கு முன் சீட் தண்டில் இப்போதுள்ள உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள். யாரையாவது பக்கவாட்டில் நிற்கவைத்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது இரண்டு சைக்கிளிலும் ஒவ்வொரு படம் எடுத்து அனுப்பு. முழங்காலும் இடுப்பும் முழுதாகத் தெரிய வேண்டும். பார்த்துவிட்டு அன்றே போன் செய்கிறேன்.

அன்புடன்,
அம்மா