ஆறு ‘போனாலும்’

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு, சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தேன் அல்லவா, அது பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பதில் வரவில்லை.

“வேலை இருக்கு, சம்பளம் இருக்கு, இங்கயும் கோயிலுக்குப் போறேன், ஜெபம் பண்றேன். ஆனா சந்தோஷமா இல்லப்பா. விசுவாசம் இருந்தா சந்தோஷம் இருக்கணும்தானே?” என்றாய். வட அயர்லாந்து பெல்பாஸ்ட்டில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்தால் மறுபடியும் இருட்டுதான் என்றும் சொன்னாய். அதை நீ சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

கன்வென்ஷன் கூட்ட மேடைகளில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு உனக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். விசா கிடைத்தது, வீடு கட்டினேன், கர்த்தர் என் வாயை நகைப்பினால் நிரப்பினார் என்பார்கள். கிடைத்ததற்கு நன்றி சொல்வதில் தப்பில்லை. ஆனால் விசா கிடைத்தவன் சந்தோஷப்பட சிலுவை எதற்கு? விசா போதுமே.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2016-ல் உன் அம்மா போன பிறகு, ஏறக்குறைய ஒரு வருஷம் நான் கோயிலில் பாடவில்லை. பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறவர்கள் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பேன், சத்தம் வராது. நம் சபைப் போதகர் ஐயர் கவனித்ததாகத் தெரியவில்லை. உன் பெரியம்மா கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. கோபம்தான் காரணம். முப்பது வருஷம் குடும்ப ஜெபம் நடத்தியவனுக்கு இதுதானா என்ற கோபம்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களுக்கு வழக்கம்போல ஏலம் நடந்தது. வாழைத்தார், கோழி, கருப்பட்டிச் சிப்பம் எல்லாம் போன பிறகு ஒரே ஒரு சுரைக்காய் வந்தது. கீழத்தெரு ஆச்சி கொண்டுவந்தது. அவள் மகன் பனையிலிருந்து விழுந்து இறந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சுரைக்காயை நான் ஏலத்தில் எடுத்தேன். வெளியே வந்ததும், “ஆச்சி, இந்த வருஷம் எப்படிக் கொண்டுவர மனசு வந்தது?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

“கொடி காய்ச்சிச்சு, கொண்டாந்தேன். அழுகதுக்கும் இங்கதான் வரணும், குடுக்கதுக்கும் இங்கதான் வரணும். எனக்கு வேற எங்க சார் இடம் இருக்கு?” என்றாள். சொல்லும்போது அவள் கண்ணில் நீர் நின்றது. ஆனால் அந்த முகத்தில் இன்னொன்றும் இருந்தது. தமிழ் வாத்தியாராக இருந்தும் அதற்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி பைபிளில் ஆபகூக் தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்து ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கிய வசனம் அது. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று தொடங்கும். எண்ணிப் பார், ஆறு ‘போனாலும்’ வரும். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு. நம் செம்மணல் தேரிக்காட்டுக்காரன் எழுதியிருந்தால் பனை பாளை விடாமற்போனாலும், கிணறு வற்றிப்போனாலும் என்றிருப்பான். ஆக, வீட்டில் அடுப்பெரிய வழியில்லை என்பதைத்தான் அந்த மனிதன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அதன் பிறகு, அத்தி நாளைக்குத் துளிர்த்துவிடும் என்று அவன் சொல்லவே இல்லை. “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்கிறான், அவ்வளவுதான்.

நம் பைபிளில் ‘இருக்கிறேன்’ என்று இல்லை, ‘இருப்பேன்’ என்று இருக்கிறது. இதை நான் அறுபது வயதுக்குப் பிறகுதான் கவனித்தேன். அந்த நிமிஷம் அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? வயிறு காய்ந்துதான் இருந்திருக்கும். அப்புறம் ‘கர்த்தருக்குள்’ என்ற சொல். மழைக்கு வீட்டுக்குள் வந்து உட்காருகிறோம், அதற்காக மழை நின்றுவிடுவதில்லை. ஓட்டின் மேல் விழுகிற சத்தமும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். நண்பன் லாசரு இறந்தபோது இயேசுவே கண்ணீர் விட்டார். ஆகையால் நீ அழுதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே, நானே சொன்னாலும் நம்பாதே.

போன மாதம் டோனாவூர் போய் வந்தேன். நீ பெல்பாஸ்ட்டில் இருப்பதால்தான் போகத் தோன்றியது. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் உன் ஊர்ப்பக்கம் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் 1867-ல் பிறந்தவர். பெல்பாஸ்ட்டில் மில் வேலைக்குப் போன ஏழைப் பெண்களுக்காக ஒரு தகரக் கூடம் எழுப்பி ஊழியம் செய்திருக்கிறார். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. 1931-ல் களக்காட்டில் இருட்டும் நேரத்தில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்கப்புறம் 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான். அந்த அறையில் அவர் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்தார் என்று நான் உனக்குக் கதைவிட மாட்டேன். வலியும் இருந்தது, தூக்கமில்லாத ராத்திரிகளும் இருந்தன. அதற்குள்ளேயே பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார், புத்தகங்கள் எழுதினார். தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, அதில் ‘அம்மா’ என்று பொறித்திருக்கிறார்கள். நான் போனபோது இரண்டு தவிட்டுக்குருவிகள் குளித்துக்கொண்டிருந்தன. வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா ஞாபகம் வந்தது. அழுதேன் பாப்பா, ஆனால் பாரமாக இல்லை.

லீவு கிடைக்கிற அன்றைக்கு மில்லைல் போய் வா. தூரம் அதிகமில்லை. கடலைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தனியாகப் போகாதே, கூட வேலை பார்க்கிற பிள்ளைகளில் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே. கருப்பட்டியும் சுக்கும் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஒன்று, இப்போது நான் பாடுகிறேன். குரல் முன்போல் இல்லை, கீழ்ச் சுரத்தில் உடைகிறது. இங்கே ஒன்பது மணி ஆராதனை என்றால் உனக்கு விடியற்காலை மூன்றரை, டீ குடிக்கிற நேரம் என்று சொல்லியிருக்கிறாய். வருகிற ஞாயிறு போனை பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பாடுகிறேன். எடுத்துக் கேள். பக்கத்தில் உன் பெரியம்மாவும் இருப்பாள், அவள் சத்தம்தான் அதிகமாகக் கேட்கும்.

அன்புடன்,
அப்பா